கீழ்க்கட்டளை வீட்டில் சிக்னல் இல்லை

அக்கா அந்த வீட்டை வாங்கியபோது சிக்னல் நன்றாகவே இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், "சிக்னல் இல்லாத எடத்துல அவங்கள ஏன் தனியா விட்டீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். அவள் குடிபோன பிறகுதான் சிக்னல் அந்தத் தெருவை விட்டுப் போனது.

அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பல்லாவரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்டதும் வந்த பணத்தில் கீழ்க்கட்டளையில், நான்கே வீடுகள் உள்ள சின்னக் கட்டடத்தில், தரைத்தளத்து வீடு ஒன்றை வாங்கினாள். முழங்கால் வலிக்காரி, படி ஏற முடியாது. நானும் என் மனைவியும் மாடம்பாக்கத்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மற்ற நாட்களில் காலையில் நான் போன் செய்வேன். தினமும் ஒரே பேச்சுதான்: சர்க்கரை எவ்வளவு, என்ன டிபன், பால்காரர் வந்தாரா. அது இல்லாமல் எனக்கு நாள் தொடங்காது.

தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதன் மொட்டைமாடியில்தான் எங்கள் செல்போன் கம்பெனியின் டவர். மண்டபத்தை இடித்து அடுக்குமாடி கட்டத் தொடங்கியதும் டவரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனிக்காரர்கள் வேறு இடம் தேடினார்கள். ஆனால் யாரும் தங்கள் மாடியைத் தரவில்லை. பிறகு எதிர்மனையிலும் உயரமாக ஒரு கட்டடம் எழும்பியது. அதோடு அக்காவின் வீட்டுக்குள் போன் செத்தது. பேச வேண்டுமென்றால் கேட்டைத் திறந்துகொண்டு கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சாயங்காலத்தில் அந்தக் கம்பத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். "இந்தத் தெருவுல யாருக்கு யாரோட சண்டைன்னு இப்ப எனக்கு அத்துப்படிடா" என்பாள் அக்கா.

அவளை அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் உள்ள கம்பெனிக் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கனிவாகவே பேசினாள்.

"மேடம், வீட்டுல வைஃபை இருக்கா?"

"இருக்கும்மா. பைபிள் கிளாஸ் ஆன்லைன்ல எடுக்கறேன்ல."

"அப்ப பிரச்சினையே இல்ல மேடம். வைஃபை காலிங்னு ஒண்ணு இருக்கு, ஆன் பண்ணித் தரேன். டவர் இல்லன்னாலும் உங்க வைஃபை வழியாவே கால் போகும், வரும். நம்பர் அதேதான். உங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

அக்கா விடவில்லை. "டவர் குடுக்க வேண்டியது நீங்க. அதுக்குப் பதிலா என் வீட்டு வைஃபையில உங்க வேலைய ஓட்டிக்கறீங்க. அதானே?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எல்லா கம்பெனியும் இப்ப அப்படித்தான் மேடம்."

அவள் சொன்னது போலவே வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. காலையில் அக்கா பேசும்போது பின்னால் குக்கர் விசில் அடிப்பதும், மின்விசிறி கடகடப்பதும் கூடக் கேட்கும். சில மாதங்களில் டவர் என்று ஒன்று இருந்ததையே நாங்கள் மறந்துவிட்டோம். அந்தத் தெருவே மறந்துவிட்டது. கம்பத்தடியில் யாரும் நிற்பதில்லை.

நான் முன்பு கொடுத்திருந்த புகாருக்காக ஒருநாள் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். நடுத்தர வயது, வியர்த்துப்போன சட்டை, பையில் இரண்டு மூன்று போன்கள். ஒவ்வொரு அறையாகப் போய் அளந்து பார்த்தார். அக்கா காபி கொடுத்து உட்காரவைத்தாள்.

"புது டவர் எப்ப வரும் சார்?" என்றேன்.

அவர் சற்றுத் தயங்கிவிட்டுத்தான் சொன்னார். "வெளிய ரோட்டுல கவரேஜ் இருந்தா போதும்னு விட்டுட்டாங்க சார். வீட்டுக்குள்ள எல்லாரும் வைஃபையிலதான் இருக்காங்க. அதனால யாரும் கம்ப்ளெயின்ட் பண்றதில்ல. கம்ப்ளெயின்ட் வரலன்னா மேலருந்து ஓகே வராது."

"கரண்ட் போனா?" என்று கேட்டாள் அக்கா.

"ரவுட்டருக்குன்னு சின்னதா பேட்டரி விக்கிறாங்க மேடம். ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரம் தாங்கும்."

அவர் போனதும் அக்கா, "பாவம், உண்மையைச் சொல்லிட்டுப் போறான்" என்றாள். மறுநாளே அந்தப் பேட்டரியை வாங்கிவிட்டாள். எதையும் தள்ளிப்போடுகிறவள் இல்லை அவள்.

அந்த வருஷம் புயல் வருவதாகச் சொன்னபோது என் மனைவி அவளை மாடம்பாக்கத்துக்கு வந்துவிடும்படி கெஞ்சினாள். அக்கா மறுத்துவிட்டாள். "போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க. மூட்டை கட்டிக்கிட்டு வந்தேன், ஒரு தூறலோட போச்சு. வீட்டுல தண்ணி வந்தா கீழ இருக்கற சாமானை யாரு தூக்கி வெப்பா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "மேல் வீட்டுல ஆள் இருக்காங்க, பயப்படாத" என்று என் மனைவியைத் தேற்றினாள். ஆனால் மேல் வீட்டுக் கணவன் மனைவி இருவரும் முந்தின நாளே கிளம்பி ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். மற்ற இரண்டு வீடுகளிலும் தங்கியிருந்த பையன்களும் தங்கள் ஆபீஸில் விடுமுறை விட்டதும் போய்விட்டார்கள். அது எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மழை பிடித்தது. மதியமே அவள் தெருவில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் நான் கூப்பிட்டபோது எடுத்தாள். "பேட்டரியில ஓடுது. தண்ணி படிக்கட்டுல நிக்குது, உள்ள வரல. நீ இந்த மழையில கெளம்பி வராத, ஜெபம் பண்ணு" என்றாள். அதுதான் நாங்கள் பேசிக்கொண்ட கடைசி போன்.

விடிந்ததும் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதிவுக் குரல் சொன்னது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று என் மனைவியிடம் சொன்னேன். மறுபடி கூப்பிட்டேன். அதே குரல், அதே நிதானம். வெளியே பேய்மழை. எங்கள் தெருவில் விழுந்த மரத்தை இன்னும் அகற்றவில்லை. அவள் வீட்டில் எப்போதுமே சிக்னல் இல்லை, அதனால்தான் கிடைக்கவில்லை என்பது எங்களுக்கு ஒரு சமாதானமாகக்கூட இருந்தது. வேறொருவர் போன் இப்படிச் செத்துக் கிடந்தால் அப்போதே பதறியிருப்போம்.

மழை சற்று விட்டதும் வண்டியை எடுத்தேன். செம்பாக்கம் வழியாகப் போக முடியவில்லை, ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. சுற்றிக்கொண்டு மேடவாக்கம் போய், கோவிலம்பாக்கம் தாண்டி, கீழ்க்கட்டளை மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். அவள் தெருவில் தொடை வரை தண்ணீர். சாக்கடையும் மழையும் கலந்த கறுப்புத் தண்ணீர். அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தனியாக மிதந்து போனது.

கதவைத் தட்டினேன். "அக்கா!" என்று கத்தினேன். உள்ளிருந்து ஏதோ சத்தம், முனகல் மாதிரி. என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன்.

கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அக்கா சோபாவில் முதுகைச் சாய்த்துத் தரையில், அந்தத் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் வாகாக இல்லாமல் திரும்பிக் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் போன்.

"வந்துட்டியாடா" என்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"சமையக்கட்டுல வழுக்கிடுச்சு. அரிசி டின்னைத் தூக்கி மேல வெக்கப் போனேன். இடுப்புல ஏதோ உடைஞ்சிருக்கு. அங்கருந்து நகந்து நகந்து இங்க வந்தேன்." மூச்சு வாங்கினாள். "போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன்டா. போகவே இல்ல. கத்திக்கூடப் பாத்தேன். யாரும் வரல."

தூக்கி சோபாவில் உட்காரவைக்கப் பார்த்தேன். அவள் போட்ட அலறலில் கையை எடுத்துவிட்டேன். கட்டிலில் இருந்து போர்வைகளைக் கொண்டுவந்து சுற்றினேன். சாப்பிடாமல் கிடந்ததில் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று, தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய்தான் குடித்தாள். பிறகு 108-க்கு அடித்தேன். போன் பேசாமல் இருந்தது. ஜன்னல் பக்கம் போய் அடித்தேன். பாத்ரூம் பக்கம் போய் அடித்தேன். மாடிப்படி ஏறினால் மேல் வீடு பூட்டிக் கிடந்தது. மொட்டைமாடிக்குப் போனால் அங்கேயும் பூட்டு, சாவி அந்த மேல் வீட்டுக்காரர்களிடம். கரண்ட் கம்பத்தடிக்கு ஓடினேன். கவரேஜ் இருப்பதாக அந்த இன்ஜினியர் சொன்ன ரோட்டிலும் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் குந்தினேன்.

"அக்கா, இங்க சிக்னலே இல்ல. மெயின் ரோட்டுக்குப் போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

"போகாதடா. இரு."

"ஆம்புலன்ஸ் கூப்பிடணும்க்கா. என்னால தனியா தூக்க முடியாது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அவள் அப்படி யாரையும் கெஞ்சிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு டீச்சர் குரலில், "சரி, சீக்கிரம் வா" என்றாள்.

மெயின் ரோட்டில் ஒரு கும்பலே போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றது. என் போனில் ஒரு கோடு வந்தது. அடித்தால் உடனே கட்டானது. மறுபடி அடித்தேன், மறுபடி கட்டானது. அந்த வட்டாரத்தில் எங்கள் கம்பெனிக்கு எங்கோ ஒரு டவர் மட்டும் உயிரோடு இருந்திருக்க வேண்டும். எல்லா வீடுகளின் வைஃபையும் அணைந்துபோனதில், அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அந்த ஒன்றின் மேல் விழுந்துகொண்டிருந்தன. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது.

ரோட்டோரத்தில் மீன் கடை போடும் ஒரு அம்மா அங்கே நின்றிருந்தார். கோவளத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் மீன் கொண்டுவருகிறவர். அன்று படகே போகவில்லை, மீன் இல்லை. கடையின் தார்ப்பாயைக் காப்பாற்ற வந்திருந்தார்.

"இன்னா சார், இன்னா ஆச்சு? ஏன் அழுவுற?"

"எங்க அக்கா வீட்டுல விழுந்து கெடக்குறாங்கம்மா. ஆம்புலன்ஸ் லைன் கெடைக்கல."

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்து நீட்டினார். "இந்தா, இத்துல அடி. இது வேற கம்பெனி. கொஞ்சம் கீது."

அதில் லைன் கிடைத்தது. எதிர்முனையில் பேசியவர் விலாசமும் அடிபட்ட விவரமும் கேட்டார், பொறுமையாகக் குறித்துக்கொண்டார், பிறகு சொன்னார்: "சார், தண்ணியில வண்டி உள்ள வராது. பேஷன்ட்டை எப்படியாவது மெயின் ரோட்டுக்குக் கொண்டு வந்துடுங்க."

அந்த அம்மா பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்தார். "அண்ணா, வா ஒரு கை குடு. சார் ஒண்டியா தூக்க முடியாது." பிறகு தன் கடையில் மீன் பரப்பும் நீளப் பலகையை உருவி எடுத்தார். "இடுப்பு ஒடைஞ்சவங்கள அப்படியே தூக்கினா வலி உயிர் போவும். இத்துல படுக்க வெச்சுக்கினு வந்துடலாம்" என்றார். நாங்கள் மூவரும் பலகையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போனோம்.

நான் விட்டுப்போன இடத்தில் அப்படியே சாய்ந்திருந்தாள் அக்கா. கண் பாதி திறந்திருந்தது. "வந்துட்டேன்க்கா" என்றேன். அந்த அம்மா என்னைத் தாண்டிப் போய் அவள் கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். பிறகு மூக்கின் அருகே. பிறகு அவள் கண்களை மெதுவாக மூடிவிட்டார்.

"சார், அம்மா பூட்டாங்க சார்."

நான் நம்பவில்லை. பலகையில் வைக்கச் சொன்னேன். அவர்கள் என்னோடு வாதிடாமல் வைத்தார்கள். அந்தக் கறுப்புத் தண்ணீரில் அவளை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனோம். வலிக்காதபடி மெதுவாகப் போங்கள் என்று வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்ததாக அந்த ஆட்டோக்காரர் பின்னால் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்தவர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். பலகையில் இன்னும் மீன் வாடை இருந்தது. அக்கா மீன் சாப்பிடுவாள், ஆனால் அந்த வாடை கையில் ஒட்டினால் எலுமிச்சை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் சபையின் வேனில் அவளை மாடம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தோம். கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் வடிய வேண்டியிருந்ததால் அடக்கம் தள்ளிப்போனது. ஜெனரேட்டரோடு ஒரு ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு எடுத்து, கூடத்தில் வைத்திருந்தோம். மறுநாள் காலை சபை மக்கள் வந்து பாடிக்கொண்டிருக்கும்போது எங்கள் தெருவில் கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள்.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், அக்காவிடமிருந்து செய்தி.

ஃப்ரீசர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய போனை நான் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தேன். அதில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வந்து எங்கள் வீட்டு வைஃபை அதற்குப் பழக்கம். ரவுட்டர் உயிர்பெற்றதும் தானாகப் போய் ஒட்டிக்கொண்டு, அனுப்ப முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் அனுப்பத் தொடங்கியிருக்கிறது. எல்லாம் அவள் குரலில் பதிந்தவை.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மனைவியும் கூட வந்தாள்.

முதலாவதில் அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "டேய், பேட்டரியும் போச்சு. தண்ணி லேசா உள்ள வருது. நான் பாத்துக்கறேன். இது உனக்கு எப்பப் போகுமோ தெரியல, போகும்போது போகட்டும்."

இரண்டாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "விழுந்துட்டேன்டா. எழுந்திருக்க முடியல. போன் போகல. இதுவாவது எப்படியாவது உனக்குப் போய்ச் சேரணும்."

மூன்றாவதை என் மனைவி என்னைக் கேட்கவிடவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இப்ப வேணாங்க. அண்ணி பக்கத்துல போய் உக்காருங்க" என்றாள். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு இருவருமாகக் கேட்டோம். அதில் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தூங்கிவிடக் கூடாது என்று பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். பற்கள் தந்தியடிக்கும் சத்தம் இடையிடையே. ஓரிடத்தில் தப்பாகச் சொல்லி, நிறுத்தி, "இல்ல" என்று திருத்திக்கொண்டு மேலே போனாள். முழுதும் முடித்தாளா என்று தெரியவில்லை. பாதியிலேயே பதிவு நின்றுவிட்டது.

அவள் நம்பரை ரத்து செய்ய தாம்பரத்துக் கடைக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். என்னை நினைவு வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கண் கலங்கியது. "சார், வைஃபை காலிங்னா வைஃபை இருந்தாதான் சார்..." என்று ஆரம்பித்து, சொல்லி முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைச் சொல்லி என்ன? கம்பெனிக்கு நான் எழுதிய புகாருக்கு, தங்கள் வரைபடத்தின்படி அந்தத் தெருவில் கவரேஜ் உள்ளது என்று பதில் வந்தது.

தெருக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். யாராவது ஒரு மாடியில் சின்ன டவர் வைக்க இடம் தரலாம் என்று பேச்சு வந்தது. நானும் போயிருந்தேன். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண், "எங்க தலைக்கு மேலயா? கதிர்வீச்சு வராதா? வேற யார் வீட்டுலயாவது வைங்க" என்றாள். வேறு யாரும் தங்கள் மாடியைத் தர முன்வரவில்லை. கூட்டம் டீயோடு முடிந்தது.

வீட்டை வாடகைக்கு விடலாம் என்று புரோக்கரிடம் சொன்னேன். முதலில் ஒரு இளம் ஜோடியை அழைத்துவந்தார். பெண் கர்ப்பமாக இருந்தாள். சுவரில் தண்ணீர் நின்ற கறையின் மேல் புது பெயின்ட் அடித்திருந்தது. அவள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், உள்ள சிக்னலே இல்லையே?" என்றாள்.

"அதுக்கென்ன, வைஃபை போட்டுக்கலாம்" என்றான் கணவன்.

நான் அவர்களுக்கு நடந்ததைச் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். வாசலில் புரோக்கர் என் மேல் பாய்ந்தார். "இதையெல்லாம் ஏன் சார் சொல்றீங்க? சாவு விழுந்த வீடுன்னு நீங்களே சொன்னா எவன் வருவான்?"

அடுத்து வந்தவர்களிடமும் சொன்னேன். அதற்கடுத்து வந்தவர்களிடமும். இப்போது அவர் யாரையும் அழைத்து வருவதில்லை. வாரத்தில் ஒருநாள் நான் மட்டும் போய் ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு, காற்று வரும்வரை உட்கார்ந்திருந்து, பூட்டிக்கொண்டு வருகிறேன்.